சனிக்கிழமை லாட்டுகள்

திருப்பூர்
5.8.2008

மதிப்பிற்குரிய தரணி சார் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் மாரிச்செல்வம். உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு உங்களை ஒரு வருஷமாகத் தெரியும்.

மங்கலம் ரோட்டில் இருக்கும் ஒரு சாயப்பட்டறையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. ஒரே சர்வருக்குள் மூன்று தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் ஓடவைக்கிறதே, உங்கள் குழு எழுதும் அந்த மென்பொருள், அதைத்தான் நாங்கள் வைத்திருக்கிறோம். ஒன்றில் கணக்கும் சம்பளமும். இன்னொன்றில் ஸ்டாக். மூன்றாவது, சாய மிஷின்களுக்கு உத்தரவு கொடுப்பது.

எதை உபயோகித்தாலும் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. உங்கள் மென்பொருளின் குறியீட்டை யாரும் படிக்கலாம் என்பதால், யாருக்கு எப்போது நேரம் என்று பங்குபோடுகிற அந்த ஷெட்யூலர் கோப்பைத் திறந்தேன். மேலே உங்கள் பெயர். மின்னஞ்சல் முகவரியில் கொமரலிங்கம் என்று ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்கிற ஊரிலிருந்து ஒருவர் இதை எழுதியிருக்கிறார் என்று அன்றைக்கு முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருப்பவனை நடுவில் நிறுத்தி, செயலியை (பிராசசரை) அவனிடமிருந்து பிடுங்கி, அடுத்தவனுக்குக் கொடுத்து, பிறகு முதலாமவனை விட்ட இடத்திலிருந்தே ஓடவைக்கிறீர்கள். நிறுத்தப்பட்டவனுக்கு நிறுத்தப்பட்டதே தெரிவதில்லை. மூன்று பேருக்கும் முழு மிஷினும் தனக்குத்தான் என்று நினைப்பு. அந்தப் பகுதியைப் பிரிண்ட் எடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

இப்போது ஒரு சிக்கல். இரண்டு மாதமாகச் சில லாட்டுகளில், அதாவது ஒரே தடவையாக மிஷினில் போடுகிற துணிகளில், சாயம் திட்டுத் திட்டாக விழுகிறது. சாயம் பிடிப்பதற்காக சோடாக் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். வால்வு திறந்து திறந்து மூடும். அது ஒரேயடியாக இறங்கினால்தான் இப்படித் திட்டு விழும். ஆனால் கம்ப்யூட்டரின் பதிவில் ஒவ்வொரு முறையும் வால்வு சரியான நேரத்தில் திறந்து சரியான நேரத்தில் மூடியிருக்கிறது. அதனால் கம்ப்யூட்டர் சரி, ஆள்தான் தப்பு என்று முடிவாகி, ஆபரேட்டர் ஒருவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

சென்ற மே மாதம் நீங்கள் ஷெட்யூலரில் ஒரு மாற்றம் செய்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். பதில் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது நான் நினைப்பதில் பாதிதான் வருகிறது. அதனால் கம்பெனி விலாசத்துக்கு இதைத் தமிழில் எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

தங்கள்,
மாரிச்செல்வம்


பெங்களூர்
12.8.2008

மாரிச்செல்வம் அவர்களுக்கு,

முதலில், நான் சார் இல்லை. தரணி பெண் பெயராகவும் இருக்கும். மேடம் என்றும் எழுத வேண்டாம், எங்கள் ஊரில் அது டீச்சருக்குத்தான்.

தமிழில் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. கை வரவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மே மாத மாற்றம் என்னுடையதுதான். இடைவிடாமல் வேலை செய்கிற விருந்தாளிக்கு (உள்ளே ஓடும் கம்ப்யூட்டரை நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்) ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளமான பங்கு கொடுக்கிறது. அடிக்கடி மாற்றுவதில் வீணாகிற நேரம் மிச்சம். எல்லாச் சோதனையிலும் வேகம் கூடியிருக்கிறது. ஆயிரக்கணக்கான சர்வர்களில் ஓடுகிறது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு வால்வைத் திறந்து மூடுகிற வேலையை மற்றவர்களோடு பங்குபோடுகிற மிஷினுக்குள் கொண்டுபோய் வைத்தது யார்? நேரம் தவறக் கூடாத வேலைக்கு இது செய்யப்பட்டதில்லை. கையேட்டின் முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறோம். அதைப் படித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

அந்த ஆபரேட்டருக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் அது ஷெட்யூலரின் குற்றம் இல்லை.

தரணி


திருப்பூர்
17.8.2008

தரணி அவர்களுக்கு,

சார் என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

வைத்தது நான்தான். பழைய கண்ட்ரோல் கம்ப்யூட்டர் இடி விழுந்து போய்விட்டது. லாட்டுகள் மிஷினில் கிடந்தன. புது சர்வர் வந்து நின்றது. எல்லாவற்றையும் இதற்குள்ளேயே போடலாம் என்று விற்றவர்கள் சொன்னார்கள். போட்டேன். ஓடியது. ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கையேட்டின் முதல் அத்தியாயத்தை நான் படிக்கவில்லை. ஆனால் உங்கள் ஷெட்யூலரை வரி விடாமல் படித்திருக்கிறேன். மே மாத மாற்றத்துக்கு மேலே 'விருந்தாளிகள் யாரும் இதைக் கவனிக்கப் போவதில்லை' என்று ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் கவனித்துவிட்டோம்.

கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நிறுத்தப்பட்டவரைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

அவர் பெயர் குருசாமி. எங்கள் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்தவர். ஐம்பது வயதாகிறது. முன்பு நன்றாகக் குடிப்பார். போன தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோனவர், திரும்பி வந்ததிலிருந்து தொடவில்லை. அவர் மனைவி மூக்கம்மாளும் எங்களிடம்தான், துணி செக்கிங் பிரிவில். சாயம் போட்ட துணி முழுக்க அவர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். முதல் திட்டைக் கண்டுபிடித்ததும் அவர்தான். யார் ஓட்டிய லாட் என்று தெரிந்தும் எடுத்துத் தனியே வைத்து, சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கெட்டுப்போன லாட் எல்லாமே சனிக்கிழமை லாட். சனிக்கிழமை இங்கே வாரச் சம்பள நாள். முதலாளி தங்கராஜ் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

"கையில காசு வந்ததும் ஊத்திக்கிட்டுத் தூங்கீர்றாருங்க. இதுல யோசிக்க என்னங்க இருக்குது?" என்றார்.

எல்லோர் முன்னாலும் குருசாமியை வாயை ஊதிக் காட்டச் சொன்னார்கள். வாடை இல்லை. "ஏலக்காய் மென்னுருப்பாரு" என்றான் ஒருவன். சிரித்தார்கள். குருசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே மூக்கம்மாளும் பையைத் தூக்கிக்கொண்டு மங்கலத்தில் தறி ஓட்டுகிற அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்துதான் வேலைக்கு வந்துபோகிறார். புருஷனோடு பேச்சில்லை. "பழனியாண்டவரையே ஏமாத்துன மனுசன் என்னைய ஏமாத்த மாட்டாரா?" என்று கேட்டுவிட்டு அழுகிறார்.

எனக்குக் குருசாமி குடித்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. நிரூபிக்க ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் பதிவு அவருக்கு எதிராக இருக்கிறது.

நான் சொல்வது இவ்வளவுதான். சனிக்கிழமை சம்பள நாள் மட்டும் இல்லை. சம்பளக் கணக்கு ஓடுகிற நாளும் அதுதான். மத்தியானம் முழுக்க அந்தக் கணக்குக் கம்ப்யூட்டர் இடைவிடாமல் வேலை செய்கிறது. நீளமான பங்கு அதற்குக் கிடைக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது எங்கள் சாய மிஷினுக்கு என்ன நடக்கிறது? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

மாரிச்செல்வம்


பெங்களூர்
22.8.2008

அன்புள்ள மாரிச்செல்வம்,

உங்கள் கடிதம் வந்த அன்று எரிச்சலோடுதான் படித்தேன். மறுநாள் ஆபீசில் ஒரு சர்வரைக் காலி செய்து, உங்களுடையதைப் போலவே மூன்றாகப் பிரித்தேன். ஒன்றில் சம்பளக் கணக்குப் போல ஓயாத வேலை. இன்னொன்றில் வால்வு மாதிரி ஒரு விளக்கை ஏற்றி அணைக்கிற சின்ன புரோகிராம். அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் மேல் இன்னும் எரிச்சல் வந்தது. பிறகு ஒருமுறை விளக்கு எரிந்தது, அணையவில்லை. அணையும் அணையும் என்று பார்க்கிறேன்.

என்ன நடக்கிறது என்று உங்கள் பட்டறையை வைத்தே சொல்கிறேன். சாயம் வைக்கிற கலர் ரூமுக்கு ஒரே சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். முருகன் என்று ஒருவர் சாவியை வாங்கி உள்ளே போகிறார். எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே யாரோ வந்து அவரை வேறு கட்டடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சாவி அவர் பையிலேயே இருக்கிறது. அடுத்து வருகிற கந்தன் என்பவர் பூட்டிய கதவு முன்னால் நின்று "இதோ திறப்பார், இதோ திறப்பார்" என்று தன் நேரம் முழுவதையும் தட்டியே தீர்க்கிறார். ஒரு வேலையும் நடக்கவில்லை, ஆனால் இருவர் நேரமும் போய்விட்டது.

உங்கள் சாய மிஷினுக்கு இரண்டு செயலி கொடுத்திருக்கிறீர்கள். அதன் கெர்னல் (உள்ளே எல்லாவற்றையும் நிர்வகிக்கிற மையப் புரோகிராம்) ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு அவசர வேலை செய்கிற நொடியில், வெளியே இருக்கிற என் ஷெட்யூலர் ஒன்றைப் பிடுங்கிச் சம்பளக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறது. மற்றொன்று கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. பிடுங்குகிற என் ஷெட்யூலருக்கு உள்ளே யார் கையில் சாவி இருக்கிறது என்று தெரியாது. முன்பும் இது எப்போதாவது நடந்திருக்கும், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்திருக்கும். என் மாற்றம் அந்தக் காத்திருப்பை நீட்டிவிட்டது. அப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தால் பல நொடிகள்.

பதிவு ஏன் சரியாக இருக்கிறது? நிறுத்தப்பட்டவனுக்கு நிறுத்தப்பட்டதே தெரியாது என்று நீங்கள் மெச்சினீர்களே, அதனால்தான். அது நின்றபோது அதன் கடிகாரமும் நின்றுவிட்டது. வால்வு திறந்தபடி கிடந்த நேரம் அதன் கணக்கிலேயே வரவில்லை. பிறகு மெதுவாக வெளி நேரத்தைக் கேட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

என் ஆபீசில் பார்த்தது உங்கள் முதலாளிக்குச் சாட்சி ஆகாது. உங்கள் மிஷினிலேயே பிடியுங்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எந்தக் கடிகாரத்தையும் நம்ப வேண்டாம். வெளியே இருந்து பாருங்கள்.

என்னைவிடப் பெரிய ஆட்கள் இந்தக் கோப்பைப் படித்தார்கள். ஒருவரும் சனிக்கிழமையைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். முதல் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

தரணி


திருப்பூர்
31.8.2008

அன்புள்ள தரணி அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. கையேட்டைப் படிக்கச் சொல்லியிருக்கிறீர்கள், அது சரிதானே.

நேற்று சனிக்கிழமை. சாய மிஷின் பேனலில் வால்வு திறந்தால் பச்சை விளக்கு எரியும். என் கைக்கடிகாரத்தை அதன் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டே நின்றேன். குருசாமியின் இடத்தில் இப்போது வெள்ளியங்கிரி என்பவர் ஓட்டுகிறார். காங்கேயம் பக்கம், டீயைத் தவிர வேறெதுவும் குடிக்காதவர் என்று ஊருக்கே தெரியும். அக்கவுண்ட்ஸில் சம்பளக் கணக்கை ஓடவிட்டார்கள். விளக்கு எரியும், அணையும், எரியும், அணையும். கை வலித்தது. போன் மெமரி நிறைந்து, பழைய கல்யாணப் படங்களை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அப்போது பிடிபட்டது. பச்சை விளக்கு எரிந்தபடியே நிற்கிறது, கடிகார முள் நடக்கிறது. வெள்ளியங்கிரி "ஏனுங்க, இது மூடவே மாட்டீங்குது" என்று கத்துவதும் படத்தில் இருக்கிறது.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் பதிவைப் பார்த்தேன். சரியான நேரத்தில் மூடியதாக எழுதி வைத்திருக்கிறது.

இரண்டையும் முதலாளியிடம் கொண்டுபோனேன். போனை வாங்கி மூன்று தடவை பார்த்தார்.

"அப்ப கம்ப்யூட்டரு பொய் சொல்லுதுங்களா?"

"பொய் இல்லீங்க. நடுவுல அது தூங்கிருச்சு. தூங்குனது அதுக்கே தெரியாது."

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "குருசாமி தூங்குனாருன்னு சொன்னனுங்க. தூங்குனது இதுங்களா?" என்றார். நீங்கள் சொன்ன கலர் ரூம் சாவிக் கதையை அப்படியே சொன்னேன். உடனே புரிந்துகொண்டார். இதை வைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். "அதை அப்புறம் பேசிக்கலாம். காரை எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

குருசாமி இருக்கிற லைன் வீட்டுக்கு, ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று, போனோம். சட்டை போடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தவர் முதலாளியைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"தப்பு எம்மேலதானுங்க, குருசாமி. திங்கக்கிழமை வந்துருங்க" என்றார் முதலாளி.

குருசாமி சட்டைப் பித்தானைப் போட்டு முடித்தார். பிறகு, "வாரேன் மொதலாளி. ஆனா எல்லாரு முன்னாடியும் வாயை ஊதச் சொன்னீக. அதே மாதிரி எல்லாரு முன்னாடியும் இதைச் சொல்லணும். எம் பொண்டாட்டிகிட்ட நீங்களே வந்து சொல்லணும்" என்றார்.

முதலாளி தலையை ஆட்டினார். இதை எழுதி முடித்ததும் மங்கலம் கிளம்புகிறோம்.

மாரிச்செல்வம்


பெங்களூர்
10.9.2008

அன்புள்ள மாரிச்செல்வம்,

மங்கலத்தில் என்ன ஆயிற்று என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். தினமும் தபால் வந்ததா என்று கேட்டு, ரிசப்ஷனில் இருக்கிற பெண் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுத் தலைவரிடம் போனேன். அடுத்த வெளியீடு தயாராகிக்கொண்டிருக்கிற சமயம். "உலகத்தில் யாராவது சாயப்பட்டறையை இதில் ஓட்டுவார்களா? எங்கோ எப்போதாவது நடக்கிற விஷயம், பிறகு பார்க்கலாம்" என்றார். ஒரு மாதத்துக்கு முன்னால் நானும் அதைத்தானே உங்களுக்கு எழுதினேன். ஆபீஸ் மெயிலில் நீங்கள் அனுப்பியிருந்த அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். "ஏனுங்க, இது மூடவே மாட்டீங்குது." அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரல் புரிந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். திட்டு விழுந்த லாட், குருசாமி, வாயை ஊதச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். வெளியீட்டை நிறுத்திவைத்தார்.

திருத்தம் இப்படி. உள்ளே இருக்கிற கெர்னல் பூட்டைப் போடும்போது ஒரு சின்னக் கொடியைத் தூக்கிக் காட்டும்: சாவி என் கையில் இருக்கிறது, கொஞ்சம் பொறு. வெளியே இருக்கிற ஷெட்யூலர் பிடுங்குவதற்கு முன்னால் அந்தக் கொடியைப் பார்க்கும். பார்த்தால் ஒரு துளி நேரம் விட்டுக்கொடுக்கும். யாராவது பேராசையில் கொடியை எப்போதுமே தூக்கிப் பிடித்தால்? அந்தத் துளியை அவனுடைய அடுத்த பங்கிலிருந்து ஷெட்யூலர் கழித்துவிடும். இதை யோசிக்கத்தான் அதிக நாள் ஆனது. கதவைத் தட்டுகிறவனும் சில தடவை தட்டிப் பார்த்துவிட்டுத் தன் நேரத்தை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். மே மாதக் குறிப்பை அழித்துவிட்டேன். கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன், திருப்பூர் என்றும்.

நான் எழுதியது இத்தனை சர்வர்களில் ஓடுகிறது என்று எண்ணிக்கை சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அதில் ஒன்றின் முன்னால் ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பார், அவரை யாரோ வாயை ஊதச் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. நான் இங்கே நல்ல நல்ல ஆட்களோடு வேலை செய்கிறேன். ஆனால் யாரையாவது காப்பாற்ற வேண்டும் என்பதற்காக ஒரு ஷெட்யூலரை வரிவரியாகப் படித்த ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

மூக்கம்மாள் என்ன சொன்னார்? எழுதுங்கள்.

தரணி


திருப்பூர்
21.9.2008

அன்புள்ள தரணி,

உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரைப் பார்த்தேன். ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது, பரவாயில்லை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கே எங்கே என்று திரையில் தேடினார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் திருத்தத்தை நாங்கள் உபயோகிக்கவில்லை. சாய மிஷினுக்குத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி மாற்றிவிட்டோம். கையேட்டின் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டேன். என் வேலை இருக்கிறது. முதலாளி கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, இப்போது பேசுகிறார். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை எல்லாரையும் மிஷின் பக்கம் கூட்டி, "குருசாமி குடிக்கலீங்க. நாந்தான் தப்பாப் பேசீட்டனுங்க" என்று சொன்னார். ஏலக்காய் என்று சிரித்தவன் பின்னால் போய் நின்றுகொண்டான்.

மங்கலம் போனதைத்தானே கேட்டீர்கள். முதலாளி, நான், குருசாமி மூன்று பேரும் போனோம். தறிச் சத்தத்தில் மூக்கம்மாளின் அக்கா சொன்னது முதலில் காதில் விழவில்லை. அவர் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறிவிட்டாராம். எதிர் எதிராகப் போயிருக்கிறோம்.

திரும்பி வந்தால் லைன் வீட்டில் அடுப்பு எரிகிறது. மூக்கம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முதலாளி வாசலிலேயே நின்று போனை நீட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்கம்மா" என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் எனக்கு என்னத்துக்கு மொதலாளி?" என்றார் மூக்கம்மாள். "இந்த மனுசன் குடிச்சா பாடுவாரு. தெருவே தூங்காது. அந்தச் சனிக்கெழமையெல்லாம் வேலைவிட்டு வந்து பேசாமப் படுத்துக்கிட்டாரு. ஒரு பாட்டு இல்ல. கம்பெனியே சொல்லுதேன்னு நானும் புத்திகெட்டுப் போயிட்டேன். அக்கா வீட்ல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். பாடலியே, பெறகு எப்படிக் குடிச்சிருப்பாரு?"

நாங்கள் ஆதாரத்தைப் பிடிப்பதற்கு முதல் நாளே அவருக்கு இது தோன்றிவிட்டதாம். துணி எடுத்துவைத்துக்கொண்டு வர இரண்டு நாள் ஆகியிருக்கிறது. நானும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குருசாமி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நேற்று சனிக்கிழமை. சம்பளக் கணக்கு ஒரு பக்கம் ஓடுகிறது. குருசாமி சாய மிஷின் பக்கத்தில் இருக்கிறார். லாட் நல்லபடியாக இறங்கியது, இளநீலம், ஒரு திட்டு இல்லை. துணி வெளியே வந்துகொண்டிருக்கும்போது அந்த மிஷின் சத்தத்தையும் மீறி ஒரு பாட்டுக் கேட்டது. குருசாமிதான். கண்ணை மூடிக்கொண்டு, பழனி போகிற வழியில் பாடுகிற காவடிப் பாட்டு.

செக்கிங்கிலிருந்து மூக்கம்மாள் ஓடி வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கத்தில் போய், முகத்தோடு முகம் வைத்து மோந்து பார்த்தார். குருசாமி பாட்டை நிறுத்தவில்லை. மூக்கம்மாள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. வெறும் வாயிலதான் பாடுதாரு" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே நின்று கடைசிவரை கேட்டார்.

மாரிச்செல்வம்